மஞ்சள் தடவிய தாளும் போன் நோட்டும்: கடைக்கு இணையதளம் திட்டமிடும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அச்சகத்தில் 14 ஆண்டுகள் டி.டி.பி. வேலை, அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கணினியில் அமைக்கும் வேலை, பார்த்தவள் நான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பில் புத்தகம், துண்டறிக்கை என்று என் கையில் வராத வேலை இல்லை. பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளில் வாசகத்தைக் கையால் எழுதிக்கொண்டு வருவார்கள். மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம், கீழே சித்தப்பா பெரியப்பா வரிசை. அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்வார்கள். அதன் பிறகுதான் கார்டு மாதிரிகளைப் புரட்டுவார்கள். வாசகம் நீண்டால் பெரிய கார்டு, குறைந்தால் சின்னக் கார்டு. கார்டு சின்னதாக இருக்கிறதே என்று ஒரு சித்தப்பாவை நீக்கியவரை நான் பார்த்ததில்லை.

இப்போது கடலூரிலும் புதுச்சேரியிலும் சிறிய கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இணையதளம் செய்து தருகிறேன். இங்கே எல்லாம் தலைகீழ். "நான்கு டிசைன் காட்டுங்கள், பிடித்ததை எடுத்துக்கொள்கிறோம், வாசகம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் வருகிறார்கள். அந்த 'அப்புறம்' தளம் வெளியாவதற்கு முந்தின இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. வேறொரு கடையின் தளத்திலிருந்து எடுத்த நான்கு பத்திகள், பெயர் மட்டும் மாற்றி. ஒருமுறை பெயரைக்கூட மாற்றாமல் வந்தது.

நான் கெடுத்த ஒரு தளம்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்துக்கு நான் செய்த முதல் தளத்தை இன்று பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. முகப்பில் ஐந்து படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். ஒவ்வொன்றும் கேமராவில் எடுத்தபடியே, சுருக்காமல் ஏற்றியது. படத்தின் மேல் இந்த வாசகம்: "எங்கள் இணையதளத்திற்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். தரமே எங்கள் தாரக மந்திரம். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் இலட்சியம்." இதில் 'முந்திரி' என்ற சொல் எங்கேயாவது வருகிறதா? இதே வாசகத்தை இரும்புக் கடைக்கும் போடலாம், பல் மருத்துவமனைக்கும் போடலாம்.

நான்கு மாதம் கழித்து அந்த வீட்டுப் பையன் வந்தான். "அக்கா, தளத்தைப் பார்த்து ஒருவர்கூடப் போன் செய்யவில்லை" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவன் வருத்தமாகச் சொன்னான். அடுத்த இரண்டு நாள் அவர்கள் கடையிலேயே, போனுக்குப் பக்கத்தில், ஒரு 80 பக்க நோட்டோடு உட்கார்ந்துகொண்டேன். எங்கே, எந்த ஊரிலிருந்து என்பதெல்லாம் வேண்டாம். கேட்பவர் கேட்ட கேள்வியை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுவது என்று முடிவு.

அந்த நோட்டில் இருந்தவற்றில் சில: "320 பெரியதா, 240 பெரியதா?" "320 என்றால் கிலோ 320 ரூபாயா?" "பாயசத்துக்கு எது வாங்கலாம்?" "கால் கிலோ கொடுப்பீர்களா?" "சென்னைக்குப் பார்சல் எத்தனை நாளில் வரும்?" "வறுத்ததா, பச்சையா?" "போன தடவை வேறு கடையில் வாங்கினேன், பூச்சி வந்துவிட்டது, உங்களுடையது எப்படி?"

நாங்கள் தளத்தில் 'டபிள்யூ 240', 'டபிள்யூ 320' என்று பெருமையாகப் போட்டிருந்தோம். வியாபாரிக்கு அது அன்றாடச் சொல். ஒரு பவுண்டில், அதாவது ஏறத்தாழ 454 கிராமில், எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதே அந்த எண். 320 ரகத்தில் 300 முதல் 320 பருப்பு நிற்கும்; 240 ரகத்தில் 220 முதல் 240. ஆக, எண் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும். வாங்குபவருக்கு இது எப்படித் தெரியும்? எண் பெரியது என்றால் பருப்பும் பெரியது என்றுதான் எவரும் நினைப்பார். விலை என்று நினைத்தவரையும் குற்றம் சொல்ல முடியாது.

நோட்டை வைத்துக்கொண்டு முகப்பை மாற்றி எழுதினோம். "பண்ருட்டி முந்திரி, தோட்டத்திலிருந்து நேராக. 250 கிராம் முதல். காலை 11 மணிக்குள் பணம் கட்டினால் அன்றே பார்சல் போகும்." அதற்குக் கீழே ஒரே படம்: ஒரு பழைய பித்தளைத் தட்டில் 180, 240, 320 மூன்றும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் அளவு தெரிய ஓர் ஐந்து ரூபாய் நாணயம். படத்தை நான் கைபேசியிலேயே எடுத்தேன். அந்தப் படம் வந்த பிறகு "எது பெரியது" என்ற கேள்வி போனில் அநேகமாக நின்றுபோனது.

'பாயசத்துக்கு எது?' என்பதற்குத் தனிப் பக்கமே வைத்தோம். நெய்யில் வறுத்துப் போடுவதற்கு இரண்டாகப் பிளந்த பருப்பே போதும், சுவை அதேதான், விலை குறைவு. பரிசுப் பெட்டிக்கும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பதற்கும்தான் பெரிய முழுப் பருப்பு வேண்டும் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினோம். அந்த வீட்டுப் பெரியவருக்கு முதலில் தயக்கம். "விலை கூடியதை விற்க வேண்டிய இடத்தில் நாமே மலிவானதைச் சொல்வதா அம்மா?" என்றார். இன்று அந்தத் தளத்தில் கல்யாண ஆர்டர்கள் வருவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தின் வழியாகத்தான். பத்து கிலோ வாங்க வருகிறவர், முதலில் தன்னிடம் உண்மை சொன்ன கடையைத்தான் தேடுகிறார்.

நோட்டிலிருந்து பக்கங்கள்

ஆகவே முதல் வேலை இதுதான். வடிவமைப்பாளரைப் பார்க்கப் போவதற்கு முன் இரண்டு வாரம் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பழைய கேள்விகளையும் பின்னோக்கிப் போய்ப் பொறுக்குங்கள். பிறகு ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகக் கூட்டுங்கள். அதிகம் கேட்கப்படுவது முகப்பில் வரவேண்டும். விளக்கம் தேவைப்படுவதற்குத் தனிப் பக்கம். எப்போதாவது ஒருவர் கேட்பதை விட்டுவிடலாம். அதற்குத்தான் போன் இருக்கிறது.

ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி, ஒரு பதில், முடிவில் ஒரே ஒரு செயல். படித்து முடித்தவர் அழைக்க வேண்டுமா, வாட்ஸ்அப் அனுப்ப வேண்டுமா, கடைக்கு நேரில் வர வேண்டுமா? மூன்றையும் ஒரே அளவில் வைத்தால் அவர் ஒன்றையும் செய்யமாட்டார். மின்னஞ்சல் படிவத்தை நான் இப்போதெல்லாம் வைப்பதே இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மின்னஞ்சலைத் திறப்பது வருமான வரிக் காலத்தில் மட்டும்தான்.

'எங்களைப் பற்றி' பக்கத்தில்தான் எல்லோரும் தாரக மந்திரத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அந்தக் குடும்பத்திடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: தானே புயலில் உங்கள் தோப்பு என்ன ஆயிற்று? 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய அந்தப் புயல், இந்தப் பக்கத்து முந்திரி மரங்களையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மரங்களை விறகுக்கு வெட்டிக் கொடுத்ததையும், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 என்ற முந்திரி ரகத்தின் ஒட்டுக்கன்றுகளை வாங்கி வைத்ததையும், அவை காய்க்கும்வரை வெளியில் கொட்டை வாங்கி உடைத்து வியாபாரத்தைப் பிடித்து நிறுத்தியதையும் சொன்னார். அதை அப்படியே எழுதினேன். 'பாரம்பரியம்' என்ற சொல்லே அதில் வராது.

பென்சில், தாள், அப்புறம் பஸ்

வாசகம் தயாரான பிறகும் கணினியைத் தொடவேண்டாம். ஓர் ஏ4 தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து, அடியில் கொஞ்சம் கிழித்துவிட்டால் ஏறத்தாழக் கைபேசித் திரையின் வடிவம் கிடைக்கும். அதில் முகப்பு வாசகத்தைப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். என்ன விற்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், எப்படி வாங்குவது, இந்த மூன்றும் அந்த முதல் தாளுக்குள் அடங்கவேண்டும். அடங்கவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், சொல்லைக் குறையுங்கள். கூகுள் இப்போது தளங்களைக் கைபேசி வடிவத்தை வைத்துத்தான் படித்து வரிசைப்படுத்துகிறது. ஆனாலும் கடைக்காரர்கள் அலுவலகக் கணினியின் பெரிய திரையில் பார்த்து "அருமை" என்று கையெழுத்துப் போடுகிறார்கள்.

என் சோதனைக்கூடம் கடலூர் – புதுச்சேரி பஸ். பழைய, மலிவான கைபேசி ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை எல்லைக்குள் பஸ் நுழையும்போது, சன்னலோர வெயிலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் தளத்தைத் திறந்து பார்ப்பேன். வெளிர் சாம்பல் நிறத்தில் அழகாகப் போட்ட எழுத்து வெயிலில் மறைந்துபோகும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற மாறுபாடு வேண்டும் என்பது அணுகல்தன்மைக்கான, அதாவது பார்வை குறைந்தவரும் படிக்க முடிவதற்கான, விதி. இணையத்தில் இலவசமாகவே அளந்து பார்க்கலாம். பொத்தான் ஏறத்தாழ 9 மில்லிமீட்டராவது இருந்தால்தான் குலுங்கும் பஸ்ஸில் விரல் சரியாக விழும்.

வேகத்துக்கும் அளவு இருக்கிறது. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் தெரிந்துவிட வேண்டும் என்று கூகுள் சொல்கிறது. 'பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ்' என்ற அதன் இலவசக் கருவியில் முகவரியைப் போட்டால் நிலவரம் தெரியும். சிறிய கடைத் தளங்களில் நான் பார்த்தவரை குற்றவாளி பத்துக்கு ஒன்பது முறை படம்தான். அகலத்தைக் குறைத்து, வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி ஏற்றினாலே பாதி நோய் தீரும். நகரும் படவரிசையை அடியோடு எடுத்துவிடுங்கள். முதல் படத்தைப் படித்து முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடுகிறது. ஐந்தாவதைக் கடை முதலாளி தவிர எவரும் பார்ப்பதில்லை.

தமிழ் எழுத்துக்கென்று ஒரு கவனம்

ஆங்கிலத்துக்குச் செய்த வார்ப்புருவில் தமிழைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் நல்ல உதாரணம் இருக்கிறது. ஒரு ஜவுளிக் கடைக்கு முகவரியைப் பெரிய தலைப்பாக வைத்தேன். 'திருப்பாதிரிப்புலியூர்'. எண்ணிப் பார்த்தால் 11 எழுத்துதான். ஆனால் கைபேசியில் அது திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டது; பக்கம் முழுவதும் இடவலமாக ஆடத் தொடங்கியது. கணினியில் ஒரு குறையும் தெரியவில்லை. நீண்ட சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போக அனுமதி கொடுப்பது ஒரே ஒரு வரிக் கட்டளை. ஆனால் நீண்ட சொல்லைப் போட்டுப் பார்த்தால்தானே அது வேண்டும் என்று தெரியும்? அதனால்தான் 'லோரம் இப்சம்' நிரப்பு வாசகத்தை வைத்து டிசைன் செய்யாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தமிழுக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். மேல் வரியின் 'கு', 'சூ' போன்றவற்றின் கால், கீழ் வரியின் 'கி', 'கீ' கொக்கியில் இடிக்கும். எழுத்தளவில் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வைப்பது என் வழக்கம். எழுத்துக்கு இடையே இடைவெளி விட்டு 'ஸ்டைல்' காட்டும் பழக்கம் ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் பொருந்தும். தமிழில் செய்தால் கொம்பும் காலும் தனித்தனியே நின்று பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும்.

அச்சகத்துக்காரர்கள் பழைய கோப்புகளைத் தருவார்கள். அவை பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். உடனே சிலர் அதைப் படமாக்கிப் போட்டுவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் விலைப்பட்டியலைத் தேடுபொறி எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது, கண் தெரியாதவரின் திரை வாசிப்பானும் படிக்காது. எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றி எழுத்தாகவே போடுங்கள். ஒரு மாலை வேலைதான்.

ஊர்ப் பெயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2006இல் பாண்டிச்சேரி புதுச்சேரி ஆனது. ஆனால் தேடுகிறவர் இன்றும் பாண்டிச்சேரி என்றும் பாண்டி என்றும்தான் தட்டுகிறார். தலைப்பில் ஒன்றும் உள்ளே வாக்கியத்தில் மற்றதும் இயல்பாக வரட்டும். வரிசையாக அடுக்கி நிரப்பினால் படிக்கிறவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

குளியலறைப் படம்

புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பான ஒயிட் டவுன் பக்கம் ஏழு அறைகள் கொண்ட ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குத் திட்டமிட்டபோதும் நோட்டு முறையைத்தான் கையாண்டோம். வீட்டுக்கார அம்மா மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, நீல சன்னல் படங்களாக நாற்பது வைத்திருந்தார். அந்தத் தெருவில் உள்ள எல்லோரிடமும் அதே படம்தான் இருக்கிறது. நோட்டில் விழுந்த கேள்விகளோ வேறு: "கார் எங்கே நிறுத்துவது?" "குளியலறைப் படம் அனுப்ப முடியுமா?" "மாடி ஏற அம்மாவால் முடியாது, கீழ்த்தள அறை இருக்கிறதா?" "காலை ஆறு மணிக்கே வந்துவிடுவோம், பையை வைக்கலாமா?"

கடற்கரைச் சாலையில் மாலை தொடங்கி மறுநாள் காலை வரை வாகனங்கள் போக முடியாது. இது உள்ளூர்க்காரருக்குப் பழகிய விஷயம். இரவு எட்டு மணிக்குப் பெங்களூரிலிருந்து குழந்தைகளோடு வந்து தடுப்பு முன்னால் நிற்பவருக்கு அதிர்ச்சி. ஆகவே 'காரில் வருகிறீர்களா?' என்று ஒரு பக்கம் வைத்தோம். எந்தத் தெரு வழியாக வரவேண்டும், வாசலில் பெட்டிகளை இறக்கிவிட்டு வண்டியை எங்கே விடவேண்டும் என்று படத்தோடு எழுதினோம். ஏழு குளியலறைகளையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டோம். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் முன்பதிவுக்கு முன் வரும் விசாரிப்புகளில் பாதி குறைந்துவிட்டதாக அவரே சொன்னார். இப்போது போன் செய்கிறவர் தேதியைத்தான் கேட்கிறாராம்.

எப்போது எழுதுவது

தேடுபொறி புதிய பக்கத்தைக் கண்டெடுத்து மேலே கொண்டுவர நாளாகும். அதனால் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பே பக்கம் வெளியாகிவிட வேண்டும். தீபாவளிப் பரிசுப் பெட்டிக்கு ஆடியிலேயே எழுதுங்கள். தை முகூர்த்தத்துக்கு ஐப்பசியில். புதுச்சேரி விடுதிக்கு ஜூலை 14 பாஸ்டில் தினம், டிசம்பர் கடைசி வாரம் இரண்டும் முக்கியம். புத்தாண்டு இரவில் ஒயிட் டவுனில் போக்குவரத்து மாற்றம் இருக்கும் என்பதால் கார் பக்கத்தை அப்போது புதுப்பிக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் கரைக்கு மழையும் புயலும். பார்சல் தாமதமானால் முகப்பின் உச்சியில் ஒரு வரி போடும் வசதியை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிய பக்கம் தொடங்காமல் பழைய தீபாவளிப் பக்கத்தையே திருத்துவது நல்லது. அதற்குச் சேர்ந்த பெயர் வீணாகாது.

பணம் கொடுத்து விளம்பரம் செய்வது இதற்கெல்லாம் பிறகு. விளம்பரத்தில் 'பாயச முந்திரி' என்று சொல்லிவிட்டு முகப்பில் கொண்டுபோய் விடாதீர்கள். அந்தப் பக்கத்துக்கே நேராக அனுப்புங்கள். கூகுள் வரைபடத்தில் வரும் கடைக் குறிப்பு இலவசம். அதிலும் தளத்திலும் பில் புத்தகத்திலும் ஒரே முகவரி, ஒரே போன் எண், ஒரே நேரம் இருக்கட்டும்.

பலன் தெரிவதற்குப் பெரிய கருவி வேண்டாம். வாட்ஸ்அப் பொத்தானில் முன்கூட்டியே ஒரு வாக்கியத்தை எழுதி வைக்கலாம். பாயசப் பக்கத்தில் "பாயசத்துக்குப் பிளந்த பருப்பு வேண்டும்" என்றும், பரிசுப் பெட்டிப் பக்கத்தில் வேறு வாக்கியமும் வையுங்கள். செய்தி வந்ததுமே எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது தெரிந்துவிடும். கூகுளின் 'சர்ச் கன்சோல்' மக்கள் என்ன தட்டி உங்களிடம் வந்தார்கள் என்று காட்டும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து புதிய கேள்விகளைப் பழைய நோட்டிலேயே சேர்த்து எழுதுங்கள்.

சட்டத்துக்கு வேண்டியவை: உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், இணையத்திலேயே விற்றால் நிறுவனத்தின் பெயர், முகவரி, புகார் சொல்ல ஒருவரின் தொடர்பு. தளத்தின் முகவரிப் பெயர் (டொமைன்) உங்கள் பெயரிலேயே பதிவாகட்டும், செய்து தருபவர் பெயரில் வேண்டாம். அப்படி மாட்டிக்கொண்டு, சொந்தக் கடைப் பெயரைத் திரும்ப வாங்க ஒரு வருடம் அலைந்தவர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்.

கடைசியாக, அச்சகக் காலத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் போன் எண்ணின் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். 500 கார்டு. இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் கையாலேயே திருத்தினேன். இணையதளத்தில் திருத்துவது ஒரு நிமிட வேலை, ஆனால் தவறு இருப்பதை எவரும் சொல்லமாட்டார். போன் வராது, அவ்வளவுதான். தளம் வெளியாகும் அன்று வேறொருவரின் கைபேசியை வாங்கி, அதில் தளத்தைத் திறந்து, அழைப்புப் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். கடையில் மணி அடிக்கிறதா என்று கேட்டுவிட்டு வடிவமைப்பாளருக்குப் பாக்கியைக் கொடுங்கள்.